அப்பாவின் அலமாரியைப் பழைய பேப்பர் கடையில் போடலாமா?

கேள்வி: வீரவநல்லூரில் உள்ள எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் சிறிய அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பாவுக்கு வயது 76. பட்டாசலில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள்; சிலவற்றை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. அப்பாவால் இப்போது பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. 'மின்நூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, இவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம்' என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவி நல்லதா, அச்சுப் புத்தகம் நல்லதா?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கருவியைத் தாராளமாக வாங்குங்கள். புத்தகங்களைக் கடையில் போடாதீர்கள். உங்கள் தம்பி இரண்டையும் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கருவி அப்பாவின் கண்ணுக்காக. புத்தகங்களை என்ன செய்வது என்று அப்பாவிடம் யாரும் கேட்டதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்புரையாக இருந்தால் சிறிய அறுவை சிகிச்சையிலேயே பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். அதைப் பார்க்காமல் எந்தக் கருவியை வாங்கினாலும் அரைகுறைதான்.

கருவி என்று நான் சொல்வது கைப்பேசியையோ டேப்லெட்டையோ அல்ல, மின்மைத் திரை (இ-இங்க்) உள்ள படிப்பான்களை. கிண்டில் அந்த வகைதான். அதன் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கின்றன. அவற்றில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்னூட்டம் கொடுத்ததும் வேண்டிய நிறத் துகள் மேலே வந்து எழுத்தாக நிற்கும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும் என்பதால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும். வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து படித்தாலும் காகிதம்போலவே தெரியும். எடை 200 கிராம் அளவுதான். தலையணைப் பருமன் உள்ள உரைநூலை நெஞ்சில் தாங்கிப் படிக்கும் வயதைக் கடந்தவருக்கு அது பெரிய நிம்மதி. எல்லாவற்றையும்விட, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்தால் ஒருநாளும் தர முடியாத வசதி இது.

ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் நிற்காது. இரு ஓரமும் நேராக அமையும்படி வைத்திருந்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெற்றிடம் விழும். இடப்பக்க ஓரம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றும் வசதி அமைப்புகளில் இருந்தால் மாற்றிக் கொடுங்கள். கூடுமானால் ஏழு அங்குலத்துக்கு மேற்பட்ட திரையாக, பக்கம் திருப்பப் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். தொடுதிரையில் விரல் சற்று அழுந்திவிட்டால் பக்கம் திரும்பாமல் ஏதாவது ஒரு சொல் தேர்வாகி நிற்கும். பெரியவர்கள் கருவியை மூலையில் வைத்துவிடுவதற்கு இந்தச் சின்ன எரிச்சலே போதும்.

படிக்க என்ன கிடைக்கும் என்பதில் குறையே இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய, தன்னார்வலர்களின் இணைய நூல்தொகுப்பான மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் தலபுராணங்கள் வரை இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் பழைய பதிப்புகளும் உள்ளன. கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பதிப்புகள் பெரும்பாலும் பக்கத்தைப் படம்பிடித்த பிடிஎஃப் கோப்புகள். அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அவற்றுக்குப் பத்து அங்குல டேப்லெட்தான் சரிப்படும். படிப்பானுக்கு, எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியுள்ள இபப் (EPUB) வடிவக் கோப்பாகத் தேடி இறக்குங்கள்.

2018 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. கதை படிப்பதில் காகிதத்துக்கும் திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தகவலும் விளக்கமும் நிறைந்த எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் முடிவு. உங்கள் அப்பாவுக்கு இது அப்படியே பொருந்தும். நாவலும் சிறுகதையும் கருவியில் போகட்டும். மூலத்தை ஒரு விரலாலும் உரையை இன்னொரு விரலாலும் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் புரட்டுகிற தமிழாசிரியருக்கு உரைநூல் கையில்தான் இருக்க வேண்டும்.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். கருவியில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமத்தை மட்டும்தான். 2009 இல் அமேசான், உரிமைச் சிக்கல் இருந்த சில நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. 2019 இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. இரண்டு முறையும் பணம் திரும்பி வந்தது, ஆனால் புத்தகம் கையைவிட்டுப் போனது. அப்பாவின் அலமாரியை எந்த நிறுவனமும் அப்படி எட்டிப்பிடிக்க முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் அது போகும்.

காகிதத்துக்கும் கண்டம் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே. அதனால்தான் அரிய நூல்களுக்கு மின்பிரதியும் வேண்டும் என்கிறேன்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி நம் சீமைக்கும் வந்தார். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் அவருக்குச் சுவடிகள் கிடைத்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, குப்பையாய்க் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழசு, இடத்தை அடைக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உங்கள் தம்பி நினைப்பதும் அதையேதான்.

ஆகவே வீடு மாறுவதற்கு முன் அப்பாவை அலமாரி முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். பிரிப்பது அவராகவே இருக்கட்டும். எளிதில் வாங்கக்கூடிய நாவல்களை விடுவதில் அவருக்கே தயக்கம் இருக்காது. ஓரத்தில் குறிப்பு எழுதிய பாடநூல்கள், கோயில் மலர்கள், உள்ளூர் அச்சகங்களில் போட்ட சிறு நூல்கள் இருந்தால் கட்டாயம் எடுத்து வையுங்கள். அவை இணையத்தில் கிடைப்பது அரிது. ராமபாணம் பட்டவற்றை மட்டும் காற்றுப் புகாத நெகிழிப் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் விட்டு, பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

மூன்று அலமாரி ஒன்றாகச் சுருங்கினாலும் போதும், அடுக்ககத்தில் அதற்கு இடம் இருக்கும். மிஞ்சுவதைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கோ உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ கொடுக்க நினைத்தால், மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிடாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு எழுதிய பட்டியலோடு போய், எவையெவை வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பட்டியலை அப்பா சொல்லச் சொல்லத் தம்பியே எழுதட்டும்.