கன்ட்ரோல் யு - கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் இணையதளம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று, அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வாப்பலைசர் என்ற கருவியில் பார்த்தேன். வேர்ட்பிரஸ் என்றது. பில்ட்வித் என்ற இன்னொரு கருவியும் அதையே சொல்லி, கூடவே முப்பது நாற்பது பெயர்களை அடுக்கியது (படங்கள் இணைத்துள்ளேன்). எதை நம்புவது? இவற்றைவிட நல்ல கருவி உண்டா? நானும் ஒரு தளம் தொடங்க நினைக்கிறேன்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வேர்ட்பிரஸ்தான். என்னிடமே கேட்டிருக்கலாம். தளம் தொடங்க வேண்டுமா, தொடங்குங்கள்.

எதை நம்புவது என்று கேட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது ஒரு பழைய ரசீது கிடைத்தது. 35,000 ரூபாய். என் முதல் தளத்தைச் செய்து தந்தவர்கள் ‘முழுக்க நாங்களே எழுதிய மென்பொருள்’ என்று சொல்லி வாங்கிய பணம். இரண்டு வருடம் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு லீவுக்கு அக்கா மகன் வந்தான். பள்ளிக்கூடப் பையன். கன்ட்ரோலையும் யுவையும் சேர்த்து அழுத்தினான். திரை முழுக்கக் கொசகொசவென்று எழுத்து, அந்தப் பக்கத்தின் நிரல். “மாமா, இங்க பாருங்க.” படங்களின் முகவரியிலெல்லாம் ‘டபிள்யூபி-கன்டென்ட்’, வேர்ட்பிரஸின் முத்திரை. மேலே ‘ஜெனரேட்டர்’ என்ற வரியில் வேர்ட்பிரஸ் என்று பெயரே இருந்தது, பதிப்பு எண்ணோடு. யாருக்கும் சும்மா கிடைக்கும் சரக்கு. அந்த வரியை அழிக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. நான் பார்க்கவே மாட்டேன் என்று அத்தனை நம்பிக்கை!

உங்கள் கருவிகள் செய்வதும் அந்தப் பையன் செய்ததைத்தான். பக்கத்தின் நிரல், பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஹெடர் என்ற குறிப்பு வரிகள், தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் குக்கியின் பெயர் எல்லாவற்றையும், எந்த மென்பொருள் எந்தத் தடயத்தை விடும் என்ற தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தடயத்தை அழித்தால் திணறும். பொய்த் தடயம் வைத்தால் ஏமாறும். வாப்பலைசரின் பட்டியல் முன்பு யாரும் படிக்கும்படி திறந்து கிடந்தது. 2023இல் அதையும் மூடிவிட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இனி அதைக் கேட்கவும் முடியாது. இதில் இன்னொரு கருவி வேறு வேண்டுமா உங்களுக்கு? கண் எதற்கய்யா இருக்கிறது?

கோபிக்காதீர்கள். ஒன்று சொல்கிறேன். வேர்ட்பிரஸ் போல ட்ருபல் என்று இன்னொரு மென்பொருள் உண்டு. அதில் செய்த தளங்கள் அனுப்பும் ஹெடரில் காலாவதித் தேதியாக 19 நவம்பர் 1978 என்று இருப்பதைப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரவுசருக்குச் சொல்ல, கடந்துபோன எந்தத் தேதியும் போதும். ட்ருபலை உருவாக்கிய பெல்ஜியக்காரர் ட்ரீஸ் பாய்டார்ட்டின் பிறந்தநாள் அது. கருவி அந்தத் தேதியைப் பார்த்ததும் ‘ட்ருபல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். பிறந்தநாளை உங்களிடம் சொல்லாது.

பிரவுசரில் ஒரு ட்ருபல் தளத்தைத் திறந்து எஃப் 12 அழுத்தினால் நெட்வொர்க் என்று ஒரு பகுதி வரும். அங்கே அந்தத் தேதியைத் தேடுங்கள். அகப்பட்டால் எனக்கு எழுதுங்கள். கருவி காட்டியதைப் படம் பிடித்து மட்டும் இனி அனுப்பாதீர்கள், கெட்ட கோபம் வரும்.