கொசுவம் பின்னால், திறப்பு வலப்பக்கம்: கில்ட் கேள்வி பதில்

கிளாஸ்கோவில் வேலை. கூட வேலை பார்ப்பவர் தன் கல்யாணத்துக்கு என்னையும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கொசுவம் வைத்த பாவாடை) கட்டி வரச் சொல்கிறார். நான் மதுரைக்காரன், எந்த ஸ்காட்லாந்துக் குலமும் (கிளான்) கிடையாது. அவர்களுடைய கட்டம் போட்ட துணியான டார்ட்டன் உடுத்தினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள், தைரியமாகக் கட்டுங்கள். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற கண்டிப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்டு மக்களின் உடைக்கு 1746இல் தடைச் சட்டம் வந்து 1782இல் நீங்கியது. 1822இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய வரவேற்பில் எல்லோரும் டார்ட்டனில் நிற்க வேண்டும் என்றானது. அப்போதுதான் பல குலத் தலைவர்கள் 'எங்கள் கட்டம் எது?' என்று தேடவே ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் ஊரில் இருந்த வில்சன் நெசவாலை அதுவரை வெறும் எண் போட்டு விற்ற சில கட்டங்களுக்குக் குலப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1842இல் இரு சகோதரர்கள் பழைய ஏட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு டார்ட்டன் தொகுப்பை வெளியிட்டார்கள். அது போலி என்று பின்னால் தெரிந்தது. அதிலிருந்து வந்த கட்டங்களைக் குலத்தார் இன்றும் பெருமையாகவே உடுத்துகிறார்கள்.

பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா ஆகியவை யாரும் உடுத்தக்கூடிய டார்ட்டன்கள். கிளாஸ்கோ வட்டாரத்துக்கே ஒரு டார்ட்டன் உண்டு, உங்களுக்கு அது பொருத்தம். பால்மொரல் மட்டும் வேண்டாம், அது அரச குடும்பத்துக்கு ஒதுக்கியது.

என் பூட்டனார் ஸ்காட்லாந்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். குடும்பப் பெயர் மில்லர். கடையில் 'மெக்ஃபார்லேன் குலத்தின் கிளை' என்று சொல்லி அந்த டார்ட்டனைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

மில்லர் என்றால் மாவாலைக்காரர். ஊருக்கு ஒரு மாவாலை இருந்த நாட்டில் அந்தப் பெயர் நூறு இடத்தில் தனித்தனியாக முளைத்திருக்கும். டெய்லர், ஸ்மித் கதையும் இதுதான். கடைப் பட்டியலை வைத்து வம்சம் முடிவு செய்யாதீர்கள்.

முதலில் ஊரைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் அரசுப் பதிவு 1855இல் தொடங்கியது. அதற்கு முந்தியவை அந்தந்தத் திருச்சபைப் பங்கின் ஏடுகளில் இருக்கும். இரண்டையும் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் தேடலாம். பங்கு தெரிந்துவிட்டால், அந்த வட்டாரத்துக்கு டார்ட்டன் இருக்கிறதா என்று அரசின் டார்ட்டன் பதிவேட்டில் பாருங்கள். என் கணக்கில் ஊர்க் கட்டம் பொய் சொல்லாது.

இன்னொன்று: துணியில் 'ஏன்ஷியன்ட்' என்று எழுதியிருந்தால் பழமையான வடிவம் என்று அர்த்தமில்லை. அதே கட்டத்தை வெளிர்ச் சாயத்தில் நெய்தது, அவ்வளவுதான். 'மாடர்ன்' அடர் சாயம்.

இணையத்தில் ஆர்டர் செய்யப் போகிறேன். பேன்ட் அளவு 34. அதையே கொடுக்கலாமா?

கொடுத்தால் கில்ட் பூட்டாது. பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும், கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும். அங்கே சுற்றளவு பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலம் கூடுதல். மூன்று அளவு எடுங்கள்: தொப்புள் மட்டச் சுற்றளவு, பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு, நீளம். நீளத்துக்கு நிமிர்ந்து முழந்தாளிட்டு, தொப்புள் மட்டத்திலிருந்து தரை வரை வேறொருவரை அளக்கச் சொல்லி, ஒரு அங்குலம் கழியுங்கள். எழுந்து நின்றால் கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்கும். தானே குனிந்து அளந்தால் அளவு தப்பும்.

அடுத்து துணி. முறையான கில்ட்டுக்கு 8 கஜம், 16 அவுன்ஸ் ரகக் கம்பளி (அவுன்ஸ் இங்கே துணியின் கனத்துக்கான தரக் கணக்கு, மொத்த எடை அல்ல). தைத்தபின் கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனக்கும். அந்தக் கனம்தான் கொசுவத்தை நேராகத் தொங்க வைக்கிறது, நடக்கும்போது வீச்சும் தருகிறது. தினசரிக்கு 5 கஜம், 13 அவுன்ஸ் போதும். மழையில் அலைபவர்களுக்குப் பாலி-விஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணி மோசமில்லை, மெஷினில் துவைக்கலாம். அக்ரிலிக்கைத் தவிருங்கள். நாலு தரம் உட்கார்ந்தெழுந்தால் கொசுவம் சப்பையாகிவிடும்.

கட்டும் முறை சொல்லுங்கள். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

புடவையில் கொசுவம் முன்னால் வரும். இதில் தைத்த கொசுவம் பின்னால், முன்பக்கம் தட்டையாக இரண்டு அடுக்கு. கில்ட்டை முதுகுப்புறம் பிடியுங்கள். வலக்கையில் இருப்பது உள்ளடுக்கு. அதை இடப்பக்கம் கொண்டுபோய், நுனி வாரை இடுப்பில் உள்ள துளை வழியே வெளியே எடுத்து இடது பக்கிளில் பூட்டுங்கள். பிறகு வெளியடுக்கை இடமிருந்து வலமாகப் போர்த்தி வலப்பக்க வார்களை மாட்டுங்கள். திறப்பு எப்போதும் உங்கள் வலப்பக்கம்.

கில்ட் ஊசி வெளியடுக்கில் மட்டும், வலது கீழ் மூலையில். காற்றுக்குப் பயந்து இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்துபவர்கள் அதிகம். உட்காரும்போதும் படி ஏறும்போதும் அடுக்குகள் எதிரெதிராக இழுத்து, ஊசி இருக்கும் இடத்தில் துணி கிழியும்.

வேட்டிக்காவது மடி உண்டு, கில்ட்டுக்குப் பாக்கெட்டே இல்லை. அதனால்தான் ஸ்போரன் பை. பெல்ட் பக்கிளுக்கு ஒரு கையகலம் கீழே தொங்கட்டும். பகலுக்குச் சாதாரணத் தோல் பை, ராத்திரி விருந்துக்கு ரோமம் வைத்தது.

ஆபீசுக்குத் தினமும் கட்டினால் வேஷம் போட்ட மாதிரி இருக்காதா?

கல்யாண ஜோடனையோடு போனால் இருக்கும். வெள்ளிப் பொத்தான் கோட்டு, ரோமப் பை, காலுறைக் கத்தி மூன்றையும் வீட்டில் வையுங்கள். ஒற்றை நிற ஸ்வெட்டர், தோல் பை, தடித்த காலுறை, சாதாரண பூட்ஸ் போதும். கட்டம் அடர்நிறமாக இருக்கட்டும்.

உட்காரும்போது என்ன செய்வது? உள்ளே எதுவும் போடக்கூடாது என்கிறார்களே?

புறங்கையால் கொசுவத்தைப் பின்தொடையோடு வழித்துக்கொண்டே உட்காருங்கள். ஸ்போரன் தொடைகளுக்கு நடுவே விழுந்து முன்பக்கத்தை அமர்த்தும். இரண்டாவது கேள்விக்கு: போடுங்கள். கரடுமுரடான கம்பளி, அதுவும் வாடகைக் கில்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஸ்கியன் டூ கத்தியைக் காலுறையில் வைத்துக்கொண்டு தெருவில் போகலாமா?

தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் போடுங்கள். மதுக்கடை வாசலில் கழற்றச் சொன்னால் வாதாடாதீர்கள். பிடி மட்டும் உள்ள போலிக் கத்தி கிடைக்கிறது.

கம்பளிக் கில்ட்டைத் துவைப்பது, மடித்து வைப்பது?

முடிந்தவரை துவைக்காதீர்கள். தூரிகையால் தட்டி, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். சாப்பாட்டுக் கறை இருந்தால் அந்துப்பூச்சிப் புழு அங்கேதான் முதலில் அரிக்கும். அயர்ன் பண்ணுவதற்கு முன் ஒவ்வொரு கொசுவத்தையும் கீழ்விளிம்பில் நீளத் தையலாக நூலோட்டிக் கட்டுங்கள். மேலே ஈரத்துணி போட்டு அழுத்துங்கள், இழுக்காதீர்கள். இந்த நூலோட்டும் வேலைக்குச் சோம்பினால் 25, 30 கொசுவமும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

பயணத்துக்கு மடிக்காமல், பக்கவாட்டில் சுருட்டி, பழைய பெண்கள் ஸ்டாக்கிங் ஒன்றின் காலை வெட்டி அதற்குள் நுழையுங்கள். இறங்கியதும் இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் போதும்.