லாடம் தேயவில்லை, குளம்பு வளர்ந்துவிட்டது

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறோம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு கத்தியவாரி பெட்டைக் குதிரை வாங்கினேன். தினமும் காலையில் வாய்க்கால் கரையில் ஓட்டுவேன், எப்போதாவது தார் ரோட்டில். லாடம் அடித்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஓடும்போது இரும்பும் இரும்பும் மோதுகிற மாதிரி ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. இரண்டு முறை முன்கால் தடுக்கியது. லாடம் அடிப்பவரோ, “இரும்பு தேயவே இல்லை, இன்னும் ஒரு மாதம் தாங்கும்” என்கிறார். லாடம் சரியாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா, டாக்டர்?

பதில்: பார்க்கலாம். லாடக்காரர் பொய் சொல்லவில்லை, இரும்பு தேய்ந்திருக்காதுதான். வாய்க்கால் கரை மண்ணில் அது எப்படித் தேயும்? ஆனால் குளம்பு நம் நகம் மாதிரி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. லாடம் இல்லாத குதிரைக்கு நடையிலேயே கொஞ்சம் தேயும். லாடம் அடித்துவிட்டால் அந்தத் தேய்மானம் கிடையாது. மூன்று மாதத்தில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும் என்கிறோம். இரும்பு நன்றாக இருந்தால் அதே லாடத்தையே திரும்ப அடிக்கலாம், தப்பில்லை. மாட்டு லாடத்துக்குப் பழகியவர்கள் இரும்பைப் பார்த்துத்தான் நாள் கணக்கு வைப்பார்கள். குதிரைக்குக் குளம்பைப் பார்க்க வேண்டும்.

‘டக் டக்’ சத்தத்துக்கும் இதுதான் காரணமாக இருக்கும். முன்குளம்பின் நுனி நீண்டுவிட்டால் கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமதமாகும். அதற்குள் பின்னங்கால் வந்து முன்லாடத்தை இடித்துவிடுகிறது. தடுக்குவதும் அதே நீண்ட நுனியால்தான். களைத்த குதிரையும் இப்படி இடிக்கும், அதனால் காலையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

சரி, இப்போது பார்க்கிற முறை. குதிரையைச் சமதளத்தில், சிமென்ட் தரையானால் நல்லது, நான்கு காலும் ஒழுங்காக ஊன்றும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து முன்காலைப் பாருங்கள். குளம்புக்கு மேலே சரிவாக இறங்குகிற எலும்பின் சாய்வும், குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குளம்பு தொடங்கும் இடத்தில் கோடு உடைந்து முன்னால் படுத்தால் நுனி நீளம், குதிகால் தாழ்வு. உங்கள் குதிரைக்கு இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் பின்பக்கத் தசைநாருக்கு இழுப்பு அதிகம். மேலோட்டமாகப் பார்த்தால் நொண்டலே தெரியாது, அப்புறம் ஒரு நாள் குதிரை அந்தக் காலையே ஊன்றாது.

அடுத்து லாடத்தின் பின்முனை. அது குதிகாலின் கடைசி வரை வந்து தாங்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் வளர்கிற குளம்பு லாடத்தையும் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். பின்முனை உள்ளே ஏறி அடிப்பாதத்தை அழுத்தி, அங்கே ரத்தம் கட்டிப் புண்ணாகும். லாடத்தைக் கழற்றியதும் குதிகால் மூலையில் சிவப்பாகத் தெரிந்தால் இது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆணிகளையும் பாருங்கள். வெளிச்சுவரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஏறக்குறைய ஒரே வரிசையில் வெளியே வந்து, மடிந்து பதிந்திருக்க வேண்டும். மடிப்பு தூக்கிக்கொண்டு நின்றால் லாடம் தளர்ந்துவிட்டது. குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி கூடாது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் கொஞ்சம் விரிந்து சுருங்க வேண்டும், அங்கே ஆணி அடித்தால் பூட்டுப் போட்ட மாதிரி.

நான் அடிக்கடி பார்க்கிற தப்பு ஒன்று உண்டு. கையில் இருப்பது சின்ன லாடம். அதைப் பொருத்திவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளம்பை அரத்தால் ராவி விடுவார்கள். பார்க்க வழவழப்பாக அழகாக இருக்கும், சுவர் மெலிந்து அடுத்த முறை ஆணி பிடிக்காது. காலுக்குத்தான் லாடம், லாடத்துக்குக் கால் இல்லை. இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி காலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ரப்பர் மாதிரி முக்கோணமாக இருக்கும் பகுதி அகலமாக, உறுதியாக இருக்க வேண்டும். அதன் இரு பக்கப் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல். மூத்திரம் தேங்கும் லாயம்தான் காரணம். தினமும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உலர வைத்து, அயோடின் தடவுங்கள், லாயத்தையும் காய வையுங்கள். கழிவு ஆயிலைத் தடவுகிற வழக்கம் வேண்டாம்.

குளம்பின் சூட்டைத் தினமும் கையால் தொட்டுப் பழகுங்கள். கணு மூட்டின் பின்பக்கவாட்டில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். நல்ல குதிரைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே விரலில் அடித்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு காலில் மட்டும் சூடும் நாடியும் இருந்து, லாடம் அடித்துச் சில நாளே ஆகியிருந்தால், முதல் சந்தேகம் ஆணி சதைக்குப் பக்கத்தில் போனதுதான். உடனே அந்த ஆணியைக் கழற்றச் சொல்லி, மருத்துவரை அழையுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும், தடுப்பூசி போட்ட தேதி தெரியாவிட்டால் முதல் வேலை அதுதான். இரண்டு முன்காலிலும் சூடு, குதிரை பின்னால் சாய்ந்து நிற்கிறது, முந்தின நாள் கொள்ளு மூட்டையில் வாய் வைத்துவிட்டது என்றால் அது லாடப் பிரச்சினையே இல்லை, குளம்பின் உள்சதை வீக்கம். ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை வரவழையுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு லாடம் கட்டாயமா என்று கேட்டால், வாய்க்கால் கரைக்கு மட்டும் தேவையில்லை என்பேன். இப்போது கழற்றிச் சீவி, ஓரத்தை உருட்டிவிட்டு, சில வாரம் வெறுங்காலோடு விட்டுப் பாருங்கள். முதலில் கல்லில் கூசும், அந்தக் கூச்சம் போகும்வரை தார் ரோடு வேண்டாம். சீவியதும் இடிக்கும் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அல்லது நொண்டல் தெரிந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், எக்ஸ்ரே தேவையா என்று அங்கே சொல்வார்கள். திரும்ப லாடம் அடித்தால் அன்றைய தேதியை லாயச் சுவரில் கரியால் எழுதி, ஆறாவது வாரத்தில் லாடக்காரருக்கு நீங்களே போன் போடுங்கள்.