போனோ எந்த நாட்டுக்காரர்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

2023 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெனால்டி ஷூட்-அவுட்டில் ரோமாவின் மான்சினி, இபான்யெஸ் இருவரையும் செவியா கோல்கீப்பர் யாசின் பூனூ (எல்லோரும் போனோ என்று அழைப்பவர்) மடக்கியதை நீங்கள் சொன்ன விதத்தில், மறுபடி ஒருமுறை அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரை ‘மொராக்கோ மண்ணின் பிள்ளை’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் பிறந்தது கனடாவில், மாண்ட்ரியாலில்.

முன்கள ஆட்டக்காரர் என்றால் ஓர் அணியில் நாலைந்து பேருக்கு இடம் இருக்கும். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். இரண்டு நாடுகளுக்கு ஆட உரிமை உள்ள கோல்கீப்பர் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கேதானே போவார்? அப்புறம் அவர் நெஞ்சில் கைவைத்து தேசிய கீதம் பாடுவதை எப்படி எடுத்துக்கொள்வது? உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிராகவே நின்றாரே, அன்றைக்கு அவர் யார்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை.

அன்புடன்
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

‘மண்ணின் பிள்ளை’ என்று எழுதியபோது காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். விட்டது என் பிழை. உங்கள் கேள்வியில் ‘ஒரே இடம்’ என்று சொன்னீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தின் சாவியே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதை ஒரு பக்கம் திருப்பினீர்கள், நான் மறுபக்கம் திருப்பிப் பார்க்கிறேன்.

போனோ பிறந்தது 1991-இல், மாண்ட்ரியாலில். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் காசாபிளாங்காவுக்குத் திரும்பிவிட்டது. அவர் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது விடாட் கிளப்பின் சிறுவர் அணியில். அந்தக் கிளப்பின் பெரிய அணியில் அவருக்கு முன்னால் நின்றவர் நாதிர் லம்யாக்ரி. மொராக்கோ தேசிய அணிக்கே கோல்கீப்பராக இருந்தவர். 2011-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், துனிசியாவின் எஸ்பெரான்ஸ் அணிக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே, லம்யாக்ரியின் இடத்தில் இந்த இருபது வயதுப் பையனை நிறுத்தினார்கள். விடாட் 1-0 என்று தோற்றது. முதல் பெரிய ஆட்டமே கண்டத்தின் இறுதி, அதுவும் தோல்வி. ஒரு கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கும். யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும்.

அடுத்த வருடம் அத்லெடிகோ மாட்ரிட் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அப்போது கோலில் கோர்த்துவா இருந்தார். அவர் போனதும் ஒப்லாக் வந்தார். போனோ அத்லெடிகோவின் பெரிய அணிக்காக லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சரகோசா கிளப்புக்கு லோனில் (தற்காலிகக் கடனாக) போய் இரண்டாம் பிரிவில் இரண்டு சீசன் ஆடினார். பிறகு ஜிரோனா. அந்தக் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக முதல் பிரிவுக்கு ஏறியபோது அங்கே இருந்தார், 2019-இல் இறங்கியபோதும் இருந்தார். பிறகு செவியா, அதுவும் முதலில் லோனில், செக் நாட்டுக்காரர் வாட்ஸ்லிக்குக்கு மாற்றாக. 2020-இல் வாட்ஸ்லிக் காயப்பட்டார். அந்த ஆகஸ்ட் மாதம் யூரோப்பா லீக் காலிறுதியில் உல்வ்ஸ் அணியின் ரவுல் ஹிமெனெஸ் அடித்த பெனால்டியைத் தடுத்ததிலிருந்துதான் உலகம் அவர் பெயரைக் கேட்டது. வயது 29. கோப்பையும் வந்தது. 2021-22 சீசனில், ஆட்டத்துக்குச் சராசரியாக மிகக் குறைவான கோல் விட்டவருக்கு ஸ்பெயினில் தரும் சமோரா விருதும் வந்தது.

கிளப்பில் இப்படி. தேசிய அணியில்?

2013-இல் மொராக்கோவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். நீங்கள் சொல்லும் கணக்கை அந்த வருடத்தில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். மொராக்கோ கடைசியாக உலகக் கோப்பைக்குப் போனது 1998-இல். கனடா போனது 1986-இல். இரண்டு பக்கமும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லை. இருபது வருடம் கழித்து 2018-இல் மொராக்கோ தகுதி பெற்றபோது போனோ அணியில் இருந்தார். மூன்று ஆட்டத்திலும் கோலில் நின்றது முனீர். போனோ பெஞ்சில் இருந்தபடியே ரஷ்யாவிலிருந்து திரும்பினார். உலகக் கோப்பையில் அவர் முதன்முதலாக ஆடியது 2022 நவம்பரில், குரோஷியாவுக்கு எதிராக. அப்போது வயது 31. முதல் சர்வதேச ஆட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒன்பது வருடம்.

காலி இடம் தேடிப் போகிறவர் இத்தனை வருடம் இப்படி இருக்க மாட்டார். ‘மண்ணின் பிள்ளை’ என்று நான் எழுதியதற்குக் காரணம் இதுதான். கோல்கீப்பருக்கு எது சொந்த நாடு என்று கேட்டால், எந்த அணியில் இரண்டாவது ஆளாக இருக்க மனம் ஒப்பினாரோ அதைத்தான் நான் பார்ப்பேன். பிறந்த ஊர் அவர் கையில் இல்லை. கீதம் எல்லோரும் பாடுவார்கள். ஆனால் ஆடப்போவதில்லை என்று தெரிந்தும், பயிற்சியில் சக ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்துகளை நாள் முழுக்கப் பிடித்துக்கொடுத்துவிட்டு, ஆட்டத்தன்று மேல்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பது யாருக்காக?

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பலர் கவனிப்பதில்லை. பிஃபா விதிப்படி ஆட்டக்காரரை ஒரு நாட்டோடு கட்டுவது களத்தில் இறங்கி ஆடிய போட்டி ஆட்டம்தான். பெஞ்சில் உட்கார்ந்தது கணக்கில் வராது. முனீர் எல் ஹத்தாதி என்ற முன்கள ஆட்டக்காரர் (மேலே சொன்ன கோல்கீப்பர் முனீர் வேறு, இவர் வேறு) 2014-இல் ஸ்பெயினுக்காக யூரோ தகுதிச் சுற்றில் சில நிமிடங்கள் மட்டும் ஆடினார். அந்தச் சில நிமிடங்களுக்காக 2018 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு ஆட முடியாமல் போனது. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் பலிக்கவில்லை. 2020 செப்டம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். 21 வயதுக்கு முன், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்று சர்வதேச ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், கடைசியாக ஆடி மூன்று வருடம் கடந்திருந்தால், உலகக் கோப்பையிலோ கண்டத்தின் இறுதித் தொடரிலோ ஆடாதிருந்தால், மாறலாம். அதன் பிறகுதான் அவர் மொராக்கோ சட்டையைப் போட்டார். ஆனால் மாற்று கோல்கீப்பர் நாலு வருடம் பெஞ்சில் இருந்தாலும் சட்டம் அவரைக் கட்டாது. எந்த நாளும் எழுந்து போகலாம். போகாமல் இருக்கிறவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கணக்குப் போடுகிறவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. எதுவார் மெண்டியைப் பாருங்கள். பிரான்சில் லெ ஆவ்ருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா கினி-பிசாவ், அம்மா செனகல். 2014-இல் ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்பும் கூப்பிடாமல், ஒரு வருடம் வேலையில்லாதோர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு இருந்தார். கினி-பிசாவுக்காக அதிகாரபூர்வக் கணக்கில் சேராத ஆட்டத்தில் இறங்கியிருக்கிறார். கடைசியில் செனகல். 2021-இல் செல்சியுடன் சாம்பியன்ஸ் லீக், 2022 பிப்ரவரியில் செனகலுக்கு அதன் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. அந்த இறுதியின் ஷூட்-அவுட்டில் எகிப்தின் லாஷீன் அடித்ததை அவர் தடுத்ததும் கேட்ட கூச்சலை மறக்க முடியுமா? வேலையே இல்லாமல் இருந்தவரிடம் போய் ‘நீ ஏன் முதலிலேயே முடிவு செய்யவில்லை’ என்று கேட்க எனக்கு மனம் வராது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. உங்கள் கடிதம் வந்தபின் அந்த மொராக்கோ-கனடா ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்த்தேன். 2022 டிசம்பர் 1, தோஹாவின் அல் துமாமா மைதானம். அதற்கு நான்கு நாள் முன்பு அதே மைதானத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக ஒன்று நடந்தது. போனோ அணியோடு வரிசையில் நின்றார், கீதம் பாடினார். பிறகு தலைசுற்றல் என்று பயிற்சியாளர் ரெக்ராகியிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். ஆட்டம் தொடங்கப்போகும் அந்த நிமிடத்தில் முனீர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மெலிய்யாவில், அதாவது ஸ்பெயின் ஆட்சியில் உள்ள நகரத்தில் பிறந்தவர். 2018-இல் முதல் ஆளாக இருந்து, இப்போது இரண்டாவது ஆளாக வந்தவர். ஒரு கோல்கூட விடவில்லை. மொராக்கோ 2-0. கீதம் பாடியவர் ஒருவர், ஆடியவர் வேறொருவர். அந்த 26 பேர் அணியில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள், அதில் இந்த இருவரும் உண்டு.

கனடா ஆட்டத்தில் போனோ திரும்பி வந்துவிட்டார். எதிர்ப்பக்கம் கனடாவின் கோலில் நின்றவரைக் கவனித்தீர்களா? மிலன் போர்யான். பிறந்தது குரோஷியாவின் க்னின் நகரத்தில், செர்பியக் குடும்பத்தில். 1995-இல் குரோஷியப் படை அந்த நகரத்தைப் பிடித்தபோது குடும்பம் பெல்கிரேடுக்கு ஓடியது, பிறகு கனடாவின் ஹாமில்டன் நகரத்துக்கு. கனடாவில் பிறந்தவர் மொராக்கோவின் கோலில், குரோஷியாவில் பிறந்தவர் கனடாவின் கோலில். நான்கு நாள் முன்பு குரோஷியாவுடன் கனடா ஆடியபோது, அவர் ஊரையும் அந்த வருடத்தையும் எழுதி, ஓடிப்போனவர் என்று கேலி செய்யும் பதாகையைக் குரோஷிய ரசிகர்கள் தூக்கிப் பிடித்தார்கள். பிஃபா குரோஷியக் கால்பந்துச் சங்கத்துக்கு 50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. எட்டு வயதுக்கூட நிரம்பாத வயதில் அகதியாகப் போனவரை, முப்பத்தைந்து வயதில் உலகக் கோப்பை மைதானத்தில் வைத்து அப்படிப் பேசியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த மனநிலையோடு வந்தவருக்கு நான்காம் நிமிடத்திலேயே அடி விழுந்தது. கனடாவின் தடுப்பாட்டக்காரர் விதோரியா பின்னால் தட்டிய பந்து வேகம் குறைந்து வர, போர்யான் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து உதைத்தார். பந்து நேராக மொராக்கோவின் சியெஷின் காலுக்குப் போனது. சியெஷ் (இவர் பிறந்தது நெதர்லாந்தில்) தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு, காலிக் கோலை நோக்கித் தூக்கி அனுப்பினார். போர்யான் திரும்பி ஓடுகிறார், பந்து அவர் தலைக்கு மேலே போகிறது. அதைப் பார்க்கும்போது எந்த நாட்டு ரசிகருக்கும் வயிறு கலங்கும்.

இருபத்து மூன்றாம் நிமிடத்தில் என்-நெசிரி இரண்டாவதை அடித்தார். நாற்பதாம் நிமிடத்தில் இடது பக்கமிருந்து வந்த கிராஸ், மொராக்கோவின் சொந்தத் தடுப்பாட்டக்காரர் அகெர்தின் காலில் பட்டு போனோவைத் தாண்டி வலைக்குள் போனது. அந்த உலகக் கோப்பையில் அரையிறுதிக்கு முன்பு மொராக்கோ விட்ட ஒரே கோல் அதுதான். குரோஷியா, பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் யாராலும் முடியவில்லை. போனோ பிறந்த நாட்டுக்கு மட்டும் அது கிடைத்தது, அதையும் அவருடைய ஆளே அடித்தார்.

அவர் மனதில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன். எழுபத்திரண்டாம் நிமிடத்தில் கனடாவுக்கு ஒரு கார்னர். 39 வயது ஹட்சின்சன் எழும்பித் தலையால் முட்டினார். பந்து மேல்கம்பத்தில் பட்டு நேர் கீழே, கோட்டின்மேல் விழுந்து வெளியே வந்தது. அது உள்ளே விழுந்திருந்தால் 2-2. அப்போது இன்னும் 18 நிமிடம் பாக்கி. மொராக்கோ அந்த ஒரு கோல் முன்னிலையைக் கடைசிவரை விடவில்லை. ஐந்து நாள் கழித்து, தான் பத்து வருடம் பிழைத்த நாடான ஸ்பெயினின் சோலெரையும் புஸ்கெட்சையும் ஷூட்-அவுட்டில் போனோ தடுத்தார், சிரித்த முகத்தோடு. கடைசி உதையை மெதுவாக நடுவில் தூக்கிவிட்டு ஆட்டத்தை முடித்த மொராக்கோவின் ஹகிமி பிறந்தது மாட்ரிட்டில்.

ஆட்டத்தை மறுபடி பார்ப்பதாக இருந்தால் பெல்ஜியம் ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தையும் சேர்த்துப் பாருங்கள். கீதம் முடிந்ததும் முனீர் உள்ளே வருகிற இடத்தை.

அன்புடன்