ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரில் குடியேற நினைக்கிறோம்: வீட்டு விஷயத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

சென்னையில் முப்பது வருஷம் ஓடிவிட்டது, அடுத்த வருஷம் ஓய்வு, கையில் 60 லட்சம் இருக்கிறது, டெல்டா பக்கம் மூன்று படுக்கையறையோடு தோட்டம் வைத்த தனி வீடு வேண்டும், அமையாவிட்டால் எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வீட்டம்மாவும் மட்டும்தான் இருக்கப்போகிறீர்கள், பிள்ளைகள் வெளியூரில் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் கதையும் அதுதான்.

2019இலேயே இதற்காக ஒரு நோட்டுப் போட்டவன் நான். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு. ஓடு பிரித்துவிட்டு 1,800 சதுர அடியில் எடுத்துக் கட்டுவது, மகனுக்கு ஒரு அறை, மகளுக்கு ஒரு அறை, இரண்டிலும் குளியலறை, கொல்லையில் பத்து தென்னை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். தம்பி நல்லவன், தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டான்.

2021இல் ஓய்வு பெற்றேன். கட்டுவதற்கு முன் மூன்று மாதம் அந்த வீட்டிலேயே இருந்து பார்க்கலாம் என்று போனோம். யோசனை என் மனைவியுடையது. நான் அதைத் தேவையில்லாத செலவு என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழை. குளியலறை கொல்லையில், இரண்டு படி இறங்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் படியில் பாசி வழுக்கி விழுந்தவள், வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் கார் எடுத்தான். கும்பகோணம் போய்ச் சேர்ந்தால் முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுப்பவர் கிளம்பிவிட்டிருந்தார். இன்னோர் இடம் தேடி, மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பும்போது மணி ஒன்றரை.

ஆறு வாரம் கட்டு. சமையலை எப்படியோ சமாளித்தேன். தலை பின்னுவதுதான் எனக்கு வரவில்லை. திண்ணையில் அவள் கீழ்ப்படியில் உட்காருவாள், நான் மேலே உட்கார்ந்து மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பிப்பேன். பாதியில் எது எந்தப் பக்கம் போனது என்று மறந்துவிடும். அவிழ்த்து மறுபடி. அப்படி ஒரு நாள் பின்னிக்கொண்டிருந்தபோது திரும்பாமலே கேட்டாள்: "ஏங்க, அத்தை இந்த நிலைப்படியை எப்படித் தாண்டுவாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கடைசி இரண்டு வருஷம் அம்மா நிலைப்படி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். நான் மாதம் ஒரு முறை வந்து அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில் ஏறிவிடுவேன். அந்த நிலைப்படியை இழைத்துக் குறைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதே நிலைக்கதவைப் புது வீட்டிலும் வாசலுக்கு வைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தேக்கு, அழகான வேலைப்பாடு என்று.

அன்றோடு தனி வீட்டு எண்ணத்தை விட்டோம். கிராமத்தில் தனி வீட்டில் நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும் வீடாக இருந்தால் நானும் போயிருப்பேன். இரண்டே பேர், இரண்டு பேருக்கும் வயதாகிக்கொண்டே போகும் என்ற கணக்கில் மட்டும்தான் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. "பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டு ஃப்ளாட்டுக்குப் போறாங்க, பிள்ளைங்க சரியில்ல போல" என்று ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே சொன்னார்கள். என் பிள்ளைகள் தங்கமானவர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள், மூன்று வாரம் இருப்பார்கள். அந்த மூன்று வாரத்துக்காக வருஷம் முழுக்க இரண்டு அறையைப் பெருக்கித் துடைப்பவள் யார் என்று அந்தக் கல்யாணத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

2022இல் கும்பகோணத்தில் 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்தோம். நீங்களும் இதைச் செய்யுங்கள், வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த ஊரில் இருந்து பார்த்துவிடுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், ராத்திரி பத்து மணிக்கு எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் மருத்துவர் இருப்பார் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். அப்புறம் இந்தப் பக்கத்துக் கோயில் ஊர்களில் அடிமனை விஷயம் ஒன்று உண்டு. கட்டடம் நம்முடையது, மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், நாம் வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பிடித்துப்போன ஒரு வீடு அப்படித்தான் இருந்தது. வில்லங்கச் சான்றிதழ் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

2023இல் ஏழு வருஷப் பழைய ஃப்ளாட் ஒன்றை 38 லட்சத்துக்கு வாங்கினோம். இரண்டு படுக்கையறை, முதல் மாடி, லிஃப்ட் உண்டு. 1,050 சதுர அடி என்றார்கள், உள்ளே டேப் பிடித்தால் 800கூட இல்லை. படிக்கட்டு, நடைபாதையில் நம் பங்கையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. மூன்றாவது மாடியில் இதைவிட நல்ல காற்று, விலையும் குறைவு. ஆனால் அந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. முதல் மாடி என்றால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் இறக்கிவிடலாம். இதைச் சொன்னபோது தரகர் முகம் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும்.

குளியலறைக் கதவு இரண்டரை அடி. சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தள்ளுகிறவர் கை இரண்டு பக்கமும் சிராய்க்கும். கதவை மூன்றடியாக்கி, வாசல் மேட்டை எடுத்து, வழுக்காத தரை போட்டு, கைப்பிடிக் கம்பி இரண்டு வைத்தோம். "இப்பவே எதுக்கு சார்?" என்று கொத்தனார் கேட்டார். எழுபத்தைந்து வயதில் வீடெல்லாம் சிமெண்ட் தூசியோடு இதைச் செய்ய முடியாது, அதனால்தான்.

பணக் கணக்குக்கு வருகிறேன். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம் போனது. இதை வீட்டு விலையோடு சேர்த்தே யோசியுங்கள். சென்னை வீட்டை 72 லட்சத்துக்கு விற்றோம். விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால், அதில் இன்னொரு வீடு வாங்க 2 வருஷம், கட்டுவதென்றால் 3 வருஷம் அவகாசம் உண்டு. புது வீட்டில் போட்ட அளவுக்குத்தான் விலக்கு, மிச்ச லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். எல்லாம் போக மீதியோடு ஓய்வுப் பணத்திலும் கொஞ்சம் எடுத்து, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டேன். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வருகிறது. பிள்ளைகளுக்கென்று கட்ட இருந்த இரண்டு அறையும் எங்களுக்கு இப்படித்தான் உதவுகிறது. மருந்து, பராமரிப்புக் கட்டணம், வேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

பணம் என்று வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன்னியுங்கள். நவம்பரில் ஓய்வூதியத்துக்காக, உயிரோடு இருக்கிறேன் என்ற ஆயுள் சான்று கொடுக்கப் போனேன். என் கைரேகை தேய்ந்துவிட்டது, கருவியில் விழவில்லை. அந்தக் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்றார். மூன்று நாள் போனேன். முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி 2021இலேயே வந்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு வாய் வார்த்தை போதுமே. என் முன்னால் எண்பது வயதுக்காரர் ஒருவர் ஒவ்வொரு விரலையும் வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். நாங்கள் திண்ணை, முற்றம், தென்னை, மூன்றாவது அறை எல்லாவற்றையும் விட்டோம். தோட்டம் பால்கனியில் ஏழு தொட்டிகளாகிவிட்டது. ஊஞ்சலை மட்டும் விடவில்லை. அம்மா உட்கார்ந்த பலகையைக் கிராமத்திலிருந்து வேனில் கொண்டுவந்து, பொறியாளரிடம் காட்டிக் கூடத்தில் கொக்கி போட்டு மாட்டினோம். அதனால் சாப்பாட்டு மேசைக்கு இடமில்லாமல் போய்விட்டது, பரவாயில்லை. சங்கிலியில் இரண்டு கண்ணி கூடுதலாகச் சேர்த்துப் பலகையைக் கொஞ்சம் தாழ்வாக இறக்கியிருக்கிறோம். உட்கார்ந்தால் அவள் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிகிறது.