நான்கு பேர் எங்கே? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பொங்கலுக்குக் கோவில்பட்டி பக்கம் ஊருக்குப் போய்விட்டு நேற்றுதான் சென்னை திரும்பினேன். இரண்டு வருடம் கழித்து இந்த முறைதான் மொத்தக் குடும்பமும் கூடியது. வீட்டில் பன்னிரண்டு பேர். சாயந்திரம் டிவியில் புதுப்படம். ஹாலில் அப்பா, நான், தம்பி, தங்கை வீட்டுக்காரர், பிள்ளைகள் நான்கு பேர். டிவி பாட்டுக்கு ஓடுகிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு செல்போன். தம்பி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். அப்பா மட்டும் பார்த்தார், அவரும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். பாதிப் படத்தில் என் மனைவி பஜ்ஜித் தட்டோடு வந்து “படம் போட்டாச்சா?” என்று கேட்டபோது ஒருவர்கூடத் தலைநிமிரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்ன வயதில் பாய் விரித்து, தெருவே உட்கார்ந்து ஒரே டிவியைப் பார்த்தோமே! இப்போது பட்டிமன்றங்களும் முன்போல் இல்லை. பிள்ளைகளை ஒரு மணி நேரமாவது போனைக் கீழே வைக்கச் சொல்லி எங்களோடு உட்கார வைக்க ஏதாவது வழி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

பொங்கலுக்கு முந்தின வாரம் பரண் ஒழித்தபோது அம்மாவின் சில்வர் தாம்பாளம் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் ஒரு நெளிசல், அடியில் வெட்டின பேர் பாதி தேய்ந்திருக்கிறது. அதை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, ஏன் வைத்தேன் என்று தெரியாமலே பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இதற்கெல்லாம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

செல்போனுக்கு என்னிடம் வைத்தியம் கிடையாது. நான்கு பிள்ளைகள் கையிலும் நான்கு போன் என்றால் வாங்கிக் கொடுத்தது யார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு விடலாம். பட்டிமன்றம் முன்போல் இல்லை என்கிறீர்கள். சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து ஊரே விழுந்து விழுந்து சிரித்த காலத்திலேயே எங்கள் அப்பா “முன்ன மாதிரி இல்ல” என்றுதான் சொல்வார். அதுவும் போகட்டும்.

பாய் விரித்துத் தெருவே பார்த்த கதைக்கு வருகிறேன். நானும் அந்தப் பாயில் உட்கார்ந்தவன்தான். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15இல், ஆனால் அந்த அலை எங்கள் தூத்துக்குடிப் பக்கம் எட்டவே இல்லை. நாங்கள் முதன்முதலில் பார்த்தது இலங்கை டிவி. 1982இல் அந்த ஊர் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபின் கடல் தாண்டி வந்த அதைப் பிடிக்க மொட்டைமாடியில் கம்பம் நட்டு, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, மேலே ஒருவன் “வருதா?” என்பான், கீழே ஒருவன் “போச்சு, போச்சு, பழையபடி திருப்பு” என்பான். பூச்சி பறக்கிற திரையில் சிங்களச் செய்தி. ஒரு சொல் புரியாது, இருந்தாலும் நாற்பது பேர் வாய் திறந்து பார்த்தோம். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலை இந்தி ராமாயணம் வந்தது, அதையும் புரியாமலே பார்த்தோம், கதைதான் தெரியுமே. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. அந்த வீட்டுக்காரர் முகம் கோணுகிற வரை உட்கார்ந்திருப்போம், கோணிய பிறகும் கொஞ்ச நேரம். போக வேறு இடமில்லாத சனம் அப்படித்தான் உட்காரும். அதற்குப் போய் ஒற்றுமை என்று பெயர் வைக்கிறீர்கள். 1993 சித்திரை ஒன்றில் சன் டிவி வந்தது, 2006இலிருந்து அரசாங்கமே கலர் டிவி கொடுத்தது, தெரு கலைந்து அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது. டிவியே கலைத்த கூட்டத்தை இப்போது அதே டிவியை வைத்துக் கூட்டப் பார்க்கிறீர்கள்.

சரி, நான் எழுத வந்தது இதையும் அல்ல.

வீட்டில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலில் யார் யார் என்று வரிசையாகவும் சொல்லியிருக்கிறீர்கள். விரல் விட்டு எண்ணினேன். அப்பா, நீங்கள், தம்பி, தங்கை வீட்டுக்காரர், பிள்ளைகள் நான்கு. எட்டு வருகிறது. மறுபடி எண்ணினேன், அப்போதும் எட்டு. மீதி நான்கு பேர் எங்கே தம்பி?

உங்கள் அம்மா, உங்கள் மனைவி, தம்பி மனைவி, தங்கை. கடிதத்தில் அவர்களில் ஒருவர் மட்டும் வருகிறார், அதுவும் பஜ்ஜித் தட்டோடு. படம் பாதி ஓடிவிட்டது, அந்தப் பெண் வந்து “படம் போட்டாச்சா?” என்று கேட்கிறாள். உங்களுக்கு அழுகை வந்தது, மற்றவர்கள் தலைநிமிரவில்லை என்பதற்காக. அவளுக்குப் படம் போட்டதே தெரியாது என்பது உங்கள் கண்ணில் படவில்லை. “வா, உட்காரு” என்று நீங்கள் சொன்னதாகவும் கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் எழுதியிருப்பீர்கள், நம்மைப் போன்றவர்கள் அதை விடுவோமா?

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைத் திட்ட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது, அதனால்தான் தைரியமாகத் திட்டுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீட்டிலும் பொங்கலன்று சாயந்திரம் புதுப்படம். “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக” என்று அந்தக் குரல் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூடக் கேட்கும். இரண்டரை மணி நேரப் படம் முடிய நாலு மணி நேரம் ஆகும். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று பின்னால் விதி வந்தது, அன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் யார் பார்த்தார்கள்? படம் ஓடுகிறபோது ஹாலில் மூச்சுச் சத்தம் இருக்காது. விளம்பரம் போட்டதும்தான் எங்களுக்கு வாய் முளைக்கும். “எம்மா, காப்பி.” “எம்மா, பனங்கிழங்கு வெந்துட்டா?” “தண்ணி.” அடுக்களை இரண்டு கட்டு தள்ளி. அம்மா அந்தத் தாம்பாளத்தில் கிழங்கை அடுக்கி எடுத்துக்கொண்டு வருவாள், ஆவி பறக்கும். நடுவில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நிலைக்கதவில் சாய்ந்து டிவியைப் பார்ப்பாள். ஓடிக்கொண்டிருப்பது சோப்பு விளம்பரம். அப்புறம் பற்பசை, அப்புறம் நகைக்கடை. படம் திரும்ப வரும்போது அடுப்பில் ஏதாவது பொங்கும், அல்லது குக்கர் கத்தும், போய்விடுவாள். போகும்போது குனிந்து, நாங்கள் உரித்துப் போட்ட கிழங்குத் தோலையும் தும்பையும் கூட்டி அள்ளிக்கொண்டு போவாள். மறைக்கிறது என்று அப்பா கையை ஆட்டுவார். நானும் ஆட்டியிருக்கிறேன்.

இதை ஒரு பொங்கல், இரண்டு பொங்கல் என்று நினைக்காதீர்கள், வருடக்கணக்கு. எங்கள் அம்மா பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் பார்த்ததெல்லாம் விளம்பரம் மட்டும்தான். எல்லா விளம்பரமும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பற்பசைக்கு எந்தப் பிள்ளை சிரிக்கிறது என்று தெரியும், எந்த நகைக்கடைப் பெண் போன வருடம் புடவைக்கடையில் வந்தாள் என்று தெரியும். நாங்கள் அதற்குச் சிரிப்போம், “அம்மாவுக்கு வெளம்பரம்னா உயிரு” என்று. ஏன் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கதை எழுத ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருடம், பெண்களின் மனதை நுட்பமாகச் சொல்கிறார் என்று நாலு பேர் எழுதவும் எழுதிவிட்டார்கள், அப்போதும் தோன்றவில்லை.

2019இல் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது, யார் எவ்வளவு நேரத்தை எதில் செலவழிக்கிறார்கள் என்று. கூலியில்லாத வீட்டுவேலை, பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் வேலை செய்கிறோமே என்று எனக்கே ஆச்சரியம். பிறகுதான் விஷயம் தெரிந்தது, அந்த 97 என்பது வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி மட்டும். அப்படிக் கைவைத்தவர்கள் நாலில் ஒருவர். மிச்சம் மூன்று பேர் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், ஹாலில்தான்.

அம்மா படத்தைப் பார்க்காவிட்டாலும் கேட்பாள். இரண்டு கட்டு தாண்டி வருகிற பின்னணி இசையை வைத்தே “எவனோ செத்துட்டானா?” என்பாள், சரியாக இருக்கும். ராத்திரி எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தலையணையில் சாய்ந்ததும் கேட்பாள், “கடைசியில அவ யாரத்தான் கட்டுனா?” நாங்கள் தூக்கத்தில் ஒரு வரி சொல்வோம். நாலு மணி நேரப் படம் அவளுக்கு ஒரு வரியாகத்தான் போய்ச் சேரும்.

அந்தப் பொங்கல் படத்தில் கதாநாயகி கடைசியில் செத்துப்போவாள். அன்று எனக்கு அசதி. செத்தாள் என்றால் எப்படி, யாரால், ஏன் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். “கல்யாணம் முடிஞ்சிட்டும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். “நல்லாருக்கட்டும்” என்றாள் அம்மா, ஏதோ தெரிந்த வீட்டுப் பெண்ணைப் போல.

தம்பி, பிள்ளைகளைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள், பாதியில் விட்டுவிட்டேன். இன்னொரு முறை எழுதுகிறேன். அதற்குள் உங்கள் வீட்டில் அந்த நான்கு பேரிடமும், பொங்கலன்று ஓடியது என்ன படம் என்று கேட்டுப் பாருங்கள். விடையை எனக்கு எழுத வேண்டியதில்லை.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தாள். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டோம், டிவி முழுக்க முழுக்க அவள் ராஜ்யம். ஒரு மத்தியானம், பண்டிகையுமில்லை ஒன்றுமில்லை, வெறும் செவ்வாய்க்கிழமை, நான் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி செத்தாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“ஏல, அவ செத்துல்லா போயிட்டா. கல்யாணம் முடிஞ்சிட்டுன்னுல்லா நீ சொன்ன?”

ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருந்தது.

படம் முடிந்து விளம்பரம் போட்டார்கள். அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்தாள். “காப்பி குடிக்கியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.