நானோ ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு அரசு நிதி: கேள்வி பதில்

கேள்வி: சார், கோவையில் பிஎச்டி முடிக்கப் போகிறேன். ‘நானோ’ என்று தேடினால் ஐரோப்பாவில் எனக்கேற்ற ஆராய்ச்சி நிதி அழைப்பே கண்ணில் படவில்லையே?

பதில்: அந்தச் சொல்லை வைத்துத் தேடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் (2021–2027) அழைப்புகள் பெரும்பாலும் பேட்டரி, புற்றுநோய், தண்ணீர் என்று பிரச்சினையின் பெயரில்தான் வரும். நானோ அதற்குள் ஒளிந்திருக்கும். உங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது, அதே திட்டத்தில் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி பெயரில் உள்ள போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி) ஃபெலோஷிப். தலைப்பு உங்கள் விருப்பம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதிக்குள் வைவா (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) வெற்றிகரமாக முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒன்றரை வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கேயே அந்த ஃபெலோஷிப்பை வாங்க முடியுமா?

பதில்: முடியாது. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. பக்கத்தில் ஆஸ்திரியா, நெதர்லாந்து பாருங்கள்.

கேள்வி: துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களால் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறேன். அங்குள்ள பேராசிரியர்களுக்கு எத்தனை மெயில் போட்டும் பதிலே இல்லை.

பதில்: ‘உங்கள் ஆய்வகத்தில் சேர ஆர்வமாக உள்ளேன்’ என்று தொடங்கும் மெயில் அவர்களுக்குத் தினமும் வருகிறது. உங்கள் பொருளின் பலவீனத்திலிருந்தே தொடங்குங்கள். துத்தநாக ஆக்சைடின் பேண்ட் கேப் (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 3.3 எலெக்ட்ரான் வோல்ட். அதனால் அது புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். சூரிய ஒளியில் அந்தப் பங்கு மிகக் குறைவு. போதாக்குறைக்கு, அமிலத் தண்ணீரில் துகளே கரைந்து துத்தநாகம் வெளியேறும். ‘இந்த இரண்டையும் இப்படிச் சமாளிக்க நினைக்கிறேன், அதற்கு உங்களிடம் உள்ள இன்ன கருவி வேண்டும்’ என்று நான்கே வரி எழுதிப் பாருங்கள். கியூரி ஃபெலோஷிப் விண்ணப்பத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளரும் இதைத்தான் தேடுவார். 10 பக்க முன்மொழிவில் அறிவியல் தரத்துக்கு மட்டும் 50 சதவீத மதிப்பெண். தாக்கத்துக்கு 30, செயல்திட்டத்துக்கு 20. கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். மார்ச், ஏப்ரலிலேயே பேராசிரியரைப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை, இரண்டு வருடம் லீவும் கிடைக்காது.

பதில்: அப்படியென்றால் பணத்தைத் தேடாமல் கருவி நேரத்தைத் தேடுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 5 நானோ மையங்களை நடத்துகிறது. பெர்க்லி, ஆர்கான், ஓக் ரிட்ஜ் எல்லாம் அதில் அடக்கம். முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால் கருவிக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டவரும் முன்மொழிவு அனுப்பலாம். பயணச் செலவு உங்களுடையது. மாதிரியை மட்டும் அனுப்பினால் போதுமா என்று அங்குள்ள விஞ்ஞானியிடம் முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால், பெங்களூர் ஐஐஎஸ்சியிலும் மும்பை ஐஐடியிலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டத்தைப் பாருங்கள். நம் கல்லூரிகளில் கருவி இல்லாததாலேயே எத்தனையோ நல்ல வேலை பாதியில் நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில் பங்காளியாகச் சேர முடியுமா?

பதில்: தாராளமாக. உங்களுக்குப் பெரிய சாதகம் ஒன்று இருக்கிறது. ஹொரைசன் யூரோப்பில் தானாகவே நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. இந்திய நிறுவனம் பெரும்பாலும் தன் பங்குக்கான பணத்தைத் தானே கொண்டுவர வேண்டும். உங்கள் பங்கு ஐரோப்பிய நிதியிலிருந்தே வரலாம். ஆனால் கூட்டணியில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அல்லது அதனுடன் இணைந்த நாடுகளிலிருந்து குறைந்தது 3 நிறுவனங்கள் வேண்டும். நீங்கள் அதற்கு மேல் சேருகிறவர். அதனால் கூட்டணி கட்டும் ஆள் யார் என்று கண்டுபிடித்து, உங்களால் மட்டும் தரக்கூடியது என்ன என்பதைச் சொல்லுங்கள். கிணற்று நீர் மாதிரிகள், உள்ளூர்க் கனிமங்கள் என்று எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஜப்பான்?

பதில்: ஜேஎஸ்பிஎஸ் (ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகம்) தரும் போஸ்ட்டாக். பிஎச்டி முடித்து 6 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை அங்குள்ள பேராசிரியர்தான் போடுவார்.

கேள்வி: விண்ணப்பம் எழுதித்தர ஒரு கன்சல்டன்ட் பெருந்தொகை கேட்கிறார். ‘நிச்சயம் கிடைக்கும்’ என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதி அலுவலகமே பெரும்பாலும் வரைவைப் படித்துத் திருத்தச் சொல்லும், இலவசமாக. இன்னொன்று: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அடுத்த வருடம் அதே நிறுவனத்தோடு மறுபடி கியூரி ஃபெலோஷிப்புக்குப் போட முடியாது. அவசரமாக எழுதிய வரைவை ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்று அனுப்பினால் அந்த நல்ல ஆய்வகத்தின் கதவு ஒரு வருடம் சாத்திக்கொள்ளும்.